அடிவானத்துக்குக் கீழே

போன வருடம் ஒரு ஹாம் ரேடியோ கூட்டம் முடிந்து, வெளியே டீக்கடை பெஞ்சில் ஐந்தாறு பேர் உட்கார்ந்திருந்தோம். என்னைத் தவிர எல்லோரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். ஆன்டெனா விலை, பிள்ளைகளின் விசா, முழங்கால் வலி என்று சுற்றிய பேச்சு எப்படியோ வி.ஓ.52-க்கு வந்து நின்றது. வந்ததும் எல்லோரும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"ராத்திரி நேரம். வடகிழக்குல எழும்பி வருது. பத்து டிகிரிகூட இருக்காது. பக்கத்து வீட்டுத் தென்னை மறைக்குது. மரத்தத் தாண்டி வந்ததும் பாத்தா, தாய்லாந்துக்காரன் ஒருத்தன் சி.கியூ போட்டுட்டு இருக்கான்..."

இன்னொருவருக்கு மலேசியா. மொட்டை மாடியில் மழை தூற, மனைவி குடை பிடித்த கதை. மூன்றாமவர் ஓமன் நிலையத்தைப் பிடித்த நாளில் அவர் மகளுக்குக் காய்ச்சல். ஒரு கையில் ஆன்டெனா, தோளில் குழந்தை. திசை, கோணம், அன்றைக்கு வானம் எப்படி இருந்தது என்பதுவரை எல்லாம் ஞாபகம் இருக்கிறது. நான் கேட்டேன்: "சரி, அவங்ககிட்ட என்ன சார் பேசினீங்க?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்னத்தப் பேச? ஃபைவ் நைன். அவ்ளோதான்."

அந்த பதில் அன்று இரவு பெங்களூரு பஸ்ஸில் என்னைத் தூங்க விடவில்லை. எதுவுமே பேசாத ஒரு பேச்சை, பதினைந்து வருடம் கழித்து, தென்னைமரத்தோடு சேர்த்து ஒருவர் ஏன் நினைவு வைத்திருக்கிறார்? இதைப் பற்றி நினைக்க எனக்குச் சொந்தக் காரணமும் ஒன்று உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன். சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

*

இதில் புழங்காதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டும். 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி6 கிளம்பியது. அதில் கார்டோசாட்-1தான் மாப்பிள்ளை. மாப்பிள்ளைத் தோழனாகக் கூடப் போனது ஹாம்சாட், 42.5 கிலோ எடையுள்ள ஒரு பெட்டி. அமெச்சூர் வானொலிக்காரர்களுக்காக இஸ்ரோ செய்தது. உள்ளே இரண்டு டிரான்ஸ்பாண்டர்கள். ஒன்று இங்கே செய்தது, இன்னொன்றைச் செய்தவர் நெதர்லாந்தைச் சேர்ந்த ஒரு மாணவர். மேலே போய் வேலை செய்ய ஆரம்பித்ததும் அதற்கு வி.யு.சாட் ஆஸ்கர் 52 என்று பெயர் வந்தது. சுருக்கமாக வி.ஓ.52.

அது செய்த வேலை ரொம்ப எளிமையானது. 435 மெகாஹெர்ட்ஸில் நீங்கள் பேசுவதை வாங்கி, 145 மெகாஹெர்ட்ஸில் கீழே திருப்பிக் கொட்டும். சேமித்து வைக்காது. யார் பேசுகிறார்கள் என்று கேட்காது. பாஸ்வேர்டு கிடையாது. 60 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு ஜன்னல், அவ்வளவுதான். தரையிலிருந்து அறுநூறு கிலோமீட்டருக்கு மேலே, நொடிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகத்தில் அந்த ஜன்னல் ஓடிக்கொண்டிருக்கும். உங்கள் தலைக்கு நேர் மேலே போகும் நல்ல பாஸ் என்றாலும் அடிவானத்துக்கு அடிவானம் சுமார் பன்னிரண்டு நிமிடம். ஓரமாகப் போனால் நாலைந்து நிமிடம்.

அந்த நேரத்துக்குள் ஆன்டெனாவைக் கையில் பிடித்து அதன் பின்னாலேயே திருப்ப வேண்டும். அது நம்மை நோக்கி வரும்போது அலைவரிசை ஒரு பக்கம் நகரும், விலகும்போது இன்னொரு பக்கம். ஆம்புலன்ஸ் சைரன் கடந்து போவதுபோல. கொஞ்சம் தப்பினாலும் மனிதக் குரல் வாத்து கத்துவதாக மாறிவிடும். ஒரு கையால் ட்யூனிங், ஒரு கையால் ஆன்டெனா, எழுத மூன்றாவது கை வேண்டும். எழுதுவதற்கு என்று ஒரு ஜூனியரை நிறுத்தி வைப்போம்.

இதில் இன்னொரு விசேஷம், நீங்கள் பேசுவது உங்களுக்கே திரும்பக் கேட்கும். ஹெட்போனில், ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு தாமதத்தில், லேசாக ஏறி இறங்கும் உங்கள் குரல். முதல்முறை அதைக் கேட்டபோது எனக்கு வயது பத்தொன்பது. மதுரைக்கு வெளியே, இஞ்சினியரிங் கல்லூரி விடுதியின் மொட்டை மாடி. பி.வி.சி. பைப்பில் அலுமினியக் கம்பி செருகிச் செய்த யாகி ஆன்டெனா. "ஹலோ... டெஸ்டிங்" என்றேன். என் குரல் அறுநூறு கிலோமீட்டர் மேலே போய் இறங்கி வந்து என் காதில் "ஹலோ" என்றது. ஜூனியர் பையன் என் முகத்தைப் பார்த்து, ஷாக் அடித்துவிட்டதோ என்று ஓடிப்போய் மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டான்.

*

என்ன பேசுவோம்? அழைப்புப் பெயர். சத்தம் எப்படிக் கேட்கிறது என்று ஒரு எண். பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்து வைத்திருக்கும் வரைபடத்தில் நம் கட்டம். மதுரைக்கு அது எம்.ஜே.99. நேரம் இருந்தால் "தேங்க்யூ, செவன்டி த்ரீ". அதே பாஸில் இன்னும் பத்துப் பேர் காத்திருப்பார்கள், நகர வேண்டும். இதில் கருத்து என்று எதுவுமே கிடையாது. ஆனால் ஒரு கறாரான விதி உண்டு. நான் உன்னைக் கேட்டேன், நீ என்னைக் கேட்டாய் என்றால் மட்டும் போதாது. நான் கேட்டேன் என்பது உனக்குத் தெரிந்தது என்பதை நான் கேட்டாக வேண்டும். அந்த வட்டம் முடிந்தால்தான் லாக் புக்கில் ஒரு வரி. "ரோஜர்" என்ற கடைசிச் சொல் இரைச்சலில் போய்விட்டால், மனசாட்சி உள்ளவர்கள் எழுத மாட்டார்கள்.

மலினோவ்ஸ்கி என்ற மானுடவியலாளர் 1923-ல் எழுதிய ஒரு கட்டுரையில், தகவல் சொல்வதற்காக அல்லாமல் பிணைப்பை உண்டாக்குவதற்காகவே மனிதர்கள் பேசும் பேச்சுக்குத் தனியாக ஒரு பெயர் வைத்தார். பிறகு யாக்கப்ஸன் அதை எடுத்துக்கொண்டு, பேச்சுத் தடம் திறந்திருக்கிறதா என்று சோதிப்பதே மொழியின் வேலைகளில் ஒன்று என்றார். நமக்கு இது புதிதல்ல. தினமும் ராத்திரி எட்டரைக்கு அம்மா போன் பண்ணி "சாப்டியா?" என்கிறாள். சாப்பிட்டேன் என்றாலும் இல்லை என்றாலும் பெரிய மாற்றம் ஒன்றும் நடக்கப் போவதில்லை. முந்நூறு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கமிருந்து அவளால் தோசை சுட முடியாது. அது ஒரு பீக்கன். விண்ணுக்குப் போன முதல் அமெச்சூர் செயற்கைக்கோளான ஆஸ்கர் 1, 1961 டிசம்பரில் மேலே போய் மோர்ஸில் "ஹை" என்ற ஒரே சொல்லைத்தான் திரும்பத் திரும்ப அனுப்பியது. உள்ளே வெப்பம் மாறினால் அந்தச் சொல்லின் வேகம் மாறும். சில வாரங்களில் அது காற்றுமண்டலத்தில் விழுந்து எரிந்துபோனது. அதற்குள் அதைக் கேட்டவர்கள் உலகம் முழுக்க நூற்றுக்கணக்கில்.

ஹாம்களிடம் எனக்குப் பிடிக்காத ஒரு வழக்கத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். வெளியாள் யாராவது "இதனால என்ன சார் பிரயோஜனம்?" என்று கேட்டால் உடனே 2004 சுனாமியை எடுத்துவிடுவார்கள். போர்ட் பிளேரில் ரேடியோ பயணமாகப் போய் முகாமிட்டிருந்த ஹாம்கள், தொலைபேசி செத்துப்போன அந்த நாட்களில் தீவுகளுக்கும் பெருநிலத்துக்கும் இடையே செய்தி கடத்தினார்கள். உண்மைதான், பெரிய காரியம்தான். ஆனால் அவர்கள் அங்கே போனது உயிர்காக்க இல்லை. அந்தமானிலிருந்து பேசினால் உலகமே வரிசையில் நின்று "ஃபைவ் நைன்" வாங்கிக்கொள்ளும் என்பதற்காகப் போனார்கள். வீணான காரியத்துக்காகப் போனதால்தான் வேண்டிய நேரத்தில் அங்கே இருந்தார்கள். அதைச் சொல்ல நமக்கு ஏன் வெட்கமாக இருக்கிறது?

*

இப்போது சார். அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. திருநெல்வேலிக்காரர், தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மதுரையிலிருந்து பஸ் ஏறினால் மூன்று மணி நேரம். ஆனால் நாங்கள் நேரில் சந்தித்தது மொத்தம் இரண்டே முறை. மற்றதெல்லாம் விண்வெளி வழியாக. எட்டிப் பிடிக்கிற தூரத்தில் இருக்கும் ஒருவரோடு பேச, குரலை அறுநூறு கிலோமீட்டர் மேலே அனுப்பி இறக்குவது அபத்தம் என்று எங்கள் இருவருக்குமே தெரியும். அதை ஒருபோதும் நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

முதல் மாதமே ஒரு பாஸ் முடிந்ததும் போன் பண்ணினார்.

"தம்பி, பீக்கன் கேக்குதா?"

"நல்லா கேக்குது சார்."

"ஒன் சத்தம் பீக்கனுக்கு மேல இருக்கா, கீழ இருக்கா?"

பெருமையாகச் சொன்னேன்: "மேல சார்! நல்லா மேல!"

"அப்ப நீ திருடுதே."

அவர் சொன்னதன் கணக்கு இது. மேலே இருக்கும் பெட்டியிடம் உள்ள சக்தி மொத்தமே ஒரு வாட் அளவுதான், அதுவும் சூரியத் தகட்டிலிருந்து கிடைப்பது. அதை ஒரே நேரத்தில் பேசும் எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். ஒருவன் கீழிருந்து முழுப் பவரில் கத்தினால், டிரான்ஸ்பாண்டர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள எல்லோருடைய சத்தத்தையும் சேர்த்துக் குறைக்கும். கத்துகிறவனுக்கு ஒன்றும் ஆகாது. ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி ஐந்து வாட்டில் பேசிக்கொண்டிருப்பவன் காணாமல் போவான். அவனை அமுக்கியது கத்தியவனுக்குத் தெரியக்கூடத் தெரியாது. அதனால்தான் பீக்கன் ஓர் அளவுகோல்: உன் குரல் அதைவிட ஓங்கியிருக்கக் கூடாது. இதை மீறுகிறவர்களுக்கு ஹாம்களிடம் ஒரு பட்டப்பெயர் உண்டு, முதலை. வாய் பெரிசு, காது சிறிசு.

படித்த அறவியல் புத்தகங்கள் எதிலும் இவ்வளவு சுத்தமான ஓர் உதாரணத்தை நான் பார்க்கவில்லை. நீ கேட்கப்படுவதற்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும் எடு. அதைக் கண்காணிக்க யாரும் இல்லை, உரிமத்தைப் பறிக்கவும் யாரும் வரப்போவதில்லை. உன் குரலை நீயே கேட்கிறாய், நீயே குறைக்க வேண்டும். ரேடியோவின் பவரை ஐந்து வாட்டுக்கு இறக்கியபோது என் குரல் இரைச்சலின் விளிம்புக்குப் போனது. அங்கேதான் முதன்முதலாக மற்றவர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். மூன்று பேர், நான்கு பேர், அந்த அறுபது கிலோஹெர்ட்ஸ் முழுக்க ஆட்கள். இதுநாள்வரை அவர்கள் மேல்தான் உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

*

2011-ல் படிப்பு முடிந்து பெங்களூரு வந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதாவது ஒரு பாஸ் என்று சாருக்கும் எனக்கும் வழக்கமாகிவிட்டது. சனிக்கிழமை அவரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வரும்: எழும் நேரம், உச்ச கோணம், மறையும் நேரம். வேறு ஒரு வரிகூட இருக்காது.

2014 ஜூலை 11 அன்று வி.ஓ.52 நின்றுபோனது. லித்தியம் அயான் பேட்டரி போய்விட்டது. இஸ்ரோவில் மீட்டெடுக்க முயன்றார்கள், முடியவில்லை. அந்த மாதமே பணி முடிந்தது என்று அறிவித்தார்கள். இரண்டு வருடத்துக்கென்று அனுப்பியது ஒன்பது வருடம் உழைத்திருந்தது. டீக்கடையில் ஒருவர் கேட்டதுபோல, "அழுவுறதுக்கு அது என்ன மனுசனா?"

இல்லைதான். ஆனால் "தொலைந்துபோன செயற்கைக்கோள்" என்று சொல்லும்போது எனக்கு அந்தச் சொல் இடிக்கிறது. தொலைந்த பொருள் எங்கே இருக்கிறது என்று தெரியாது. இது எங்கே இருக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். இன்று இரவு எத்தனை மணிக்கு எந்தத் திசையில் எழும் என்பதைப் பத்து வரி பைத்தானில் கணக்கிட்டுச் சொல்வேன். அது போகவில்லை. பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான். நம் காண்டாக்ட் லிஸ்டில் இப்படி எத்தனை பேர்! எந்தக் கம்பெனி, எந்த அபார்ட்மென்ட், குழந்தை எந்த வகுப்பு என்பதெல்லாம் தெரியும். சுற்றுப்பாதை துல்லியமாகத் தெரிந்த மௌனங்கள்.

செத்தது செத்ததுதான் என்றும் இங்கே சொல்ல முடியாது. ஆஸ்கர் 7-இன் கதையைச் சார்தான் எனக்குச் சொன்னார். 1974 நவம்பரில் மேலே போனது. 1981-ல் பேட்டரி ஷார்ட் ஆகி மொத்தமாக அணைந்தது. அதைக் கட்டியவர்கள் கிழவர்கள் ஆனார்கள். 2002 ஜூன் 21 அன்று இங்கிலாந்தில் ஒருவர் அந்த அலைவரிசையில் மோர்ஸ் ஒலி கேட்டார். இருபத்தொரு வருடம் கழித்து ஆஸ்கர் 7 பேசுகிறது! ஷார்ட் ஆகிக் கிடந்த பேட்டரி இன்னும் கெட்டுப்போய், இணைப்பே அறுந்துவிட்டிருக்கிறது. குறுக்கே கிடந்த கட்டை விலகியதும் சூரியத் தகடுகளின் மின்சாரம் நேராக ரேடியோவுக்குப் போக ஆரம்பித்துவிட்டது. ஒரு பழுதை இன்னொரு பழுது சரி செய்தது. வெயிலில் இருக்கும்வரை பேசும். பூமியின் நிழலுக்குள் போனால் அணையும். மறுபடி வெயில் பட்டால் எல்லாவற்றையும் மறந்துவிட்டுப் புதிதாக எழும். இதைச் சொல்லும்போது சார் சிரிப்பார். "ஒடஞ்சதுல்லாம் ஒரே மாதிரி ஒடைறது இல்லடே."

2014 ஆகஸ்டில் அவரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. வழக்கமான எண்கள் இல்லாத முதல் மின்னஞ்சல். "தம்பி, ஞாயிறு காலை 7 மணிக்கு 40 மீட்டரில் இருக்கிறேன். ஒரு வயர் ஆன்டெனா போட்டால் போதும். வரவும்."

நான் பதில் போடவில்லை. அவர் மேல் கோபம் இல்லை. 40 மீட்டர் ஆன்டெனாவுக்கு இருபது மீட்டர் கம்பி கட்ட வேண்டும். அபார்ட்மென்ட் அசோசியேஷன் விடாது. கேட்டுப் பார்த்தேனா என்றால், இல்லை. அடுத்த வாரம் போடலாம் என்று நட்சத்திரக் குறி போட்டு வைத்தேன். அது இன்றைக்கும் அங்கேயே இருக்கிறது. 2021-ல் வாட்ஸ்அப் குழுவில் அவர் பெயரும் பக்கத்தில் எஸ்.கே. என்ற இரண்டு எழுத்தும் வந்தன. சைலண்ட் கீ. தந்திக் கருவியை அழுத்தும் கை நின்றுவிட்டது என்று பொருள். இரண்டு கைகூப்பும் எமோஜி போட்டுவிட்டு ஸ்டாண்ட்-அப் மீட்டிங்குக்குப் போனேன்.

*

இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்ட வாதம் இது: எங்கள் உறவு செயற்கைக்கோள் வழியாக இருந்தது, செயற்கைக்கோள் போனது, உறவும் போனது, இதில் யார் குற்றம்? அரிஸ்டாட்டில்கூட, சேர்ந்து உப்புத் தின்னாதவர்கள் ஒருவரையொருவர் அறிய முடியாது என்று ஒரு பழமொழியை எடுத்தாள்கிறார். சாரோடு நான் உப்புத் தின்றதே இல்லை. என் வேலையும் இந்த வாதத்துக்குத் தோதானது. பழைய சர்வீஸ்களை மூடுவதுதான் எங்கள் குழுவின் பாதி வேலை. அதற்கு ஆபீசில் "சன்செட்" என்று ஒரு அழகான சொல் வைத்திருக்கிறோம். மூடுவதற்கு முன்னால் யார் யார் இதை நம்பியிருக்கிறார்கள் என்று பட்டியல் எடுத்து, ஒவ்வொருவருக்கும் மாற்று வழி சொல்லி, மூன்று மாத அவகாசம் கொடுத்துத்தான் அணைப்போம். அதாவது முன்பின் தெரியாத ஒரு ஏ.பி.ஐ. வாடிக்கையாளருக்கு நான் செய்வதைச் சாருக்குச் செய்யவில்லை. அவரோ எனக்கு மாற்று வழியை எழுதியே அனுப்பியிருந்தார்.

கையில் அவர் போன் நம்பர் இருந்தது. முதல் மாதத் திட்டு அதன் வழியாகத்தானே வந்தது? அப்படியென்றால் செயற்கைக்கோள் எங்களுக்குக் கொடுத்தது என்ன? யோசித்துப் பார்த்தால், முடிவைக் கொடுத்தது என்று நினைக்கிறேன். பன்னிரண்டாவது நிமிடம் அது அடிவானத்துக்குக் கீழே போய்விடும். "வெச்சிடட்டுமா?" என்று கேட்க வேண்டியதில்லை, பேச விஷயம் தீர்ந்துபோகும் பயம் இல்லை, யாரும் யாரையும் விட்டுப் போவதில்லை, பூமி உருண்டை, அதனால் பேச்சு முடிகிறது. போனுக்கு அடிவானம் கிடையாது. அறுபத்தைந்து வயதுக்காரர் ஒருவருக்கு இருபத்திநாலு வயதுப் பையன் போன் பண்ணினால் காரணம் வேண்டும், நடுவில் மௌனம் வந்தால் அதைத் தாங்க வேண்டும், எங்கே முடிப்பது என்று தானே முடிவு செய்ய வேண்டும். இதையெல்லாம் எனக்காக ஒரு 42.5 கிலோ பெட்டி செய்துகொண்டிருந்தது. அது நின்றதும் அந்த வேலை என்னிடம் வந்தது. நான் செய்யவில்லை.

டீக்கடையில் கிளம்பும்போது, தாய்லாந்தைப் பிடித்தவர் ஒரு துணிப்பையை என்னிடம் கொடுத்தார். சாரின் வீட்டைக் காலி செய்தபோது ரேடியோ, ஆன்டெனாக்களை எல்லாம் ஹாம்களுக்கே கொடுத்துவிட்டாராம் அவர் மகள். லாக் புக்கை யாரும் கேட்கவில்லை. "ஒங்க கால்சைன் நெறய இருக்கு, அதான் எடுத்து வெச்சேன்."

பஸ்ஸில், மொபைல் டார்ச் வெளிச்சத்தில் புரட்டினேன். ஹாம் லாக் எப்போதும் யு.டி.சி. நேரத்தில் இருக்கும், ஐந்தரை மணி நேரம் கூட்டிக் கூட்டிப் படித்தேன். என் அழைப்புப் பெயர் அறுபத்திமூன்று இடங்களில் இருந்தது. 2014 ஜூலை வரை. அதற்குப் பிறகும் வி.ஓ.52 என்று தலைப்பிட்ட வரிகள் வந்துகொண்டே இருந்தன. தேதி, எழும் நேரம், மறையும் நேரம், கடைசிக் கட்டத்தில் "நில்". ஞாயிற்றுக்கிழமைகள். 2015, 2016. கையெழுத்து நடுங்க ஆரம்பித்த 2018. ஒவ்வொரு வரியும் பத்து நிமிடம், மொட்டை மாடியில், ஒரு வெற்று இரைச்சல். ஆஸ்கர் 7 மாதிரி இதுவும் இன்னொரு முறை உடைந்து எழும் என்று காத்திருந்தாரா, அல்லது வேறு எதற்காவதா என்று எனக்குத் தெரியாது. அருகிலேயே வேறொரு பத்தியில், 40 மீட்டர், காலை 7 மணி. அங்கேயும் சில "நில்"கள்.

ஊர் வந்து மூன்று நாள் கழித்து மகளின் நம்பரை வாங்கி அழைத்தேன். என்ன சொல்வது என்று தாளில் எழுதி வைத்திருந்தேன். அப்பாவின் நோட்டு என்னிடம் இருக்கிறது, உங்களுக்கு வேண்டுமா, நான் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். கொஞ்சம் அமைதி. பிறகு, "எந்த ஊர்ல படிச்சீங்க, மதுரையா?" என்றார்.

"ஆமா."

"அந்த சத்தமா பேசுத பையன் நீங்கதானா?"